அடுத்தவருடைய பிறேக்

என்னிடம் 1972ஆம் ஆண்டுத் தயாரிப்பான டட்சன் 240இசட் ஒன்று இருக்கிறது. ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக் கராஜில், பனி தள்ளும் இயந்திரத்துக்கும் மகளின் பழைய சைக்கிளுக்கும் நடுவே நிற்கிறது. வாங்கி ஒன்பது வருடமாகிறது. வாங்கிய அன்று, சாரதி கால் வைக்கும் இடத்தில் விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் கீழே நிலம் தெரிந்தது. குளிர்காலத்தில் வீதிக்கு உப்புப் போடும் நாட்டில் இந்தக் கார்கள் துருவுக்குப் பேர்போனவை. துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து ஒட்ட இரண்டு குளிர்காலம் போயிற்று. அப்போதெல்லாம் சரி பிழை என்று எந்தக் கேள்வியும் எனக்குள் எழவில்லை. பிறேக்கைத் தொட்டபோதுதான் எழுந்தது.

விஷயம் சிறியது. இந்தக் காரின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிறேக், பின்சக்கரங்களுக்கு ட்ரம் பிறேக். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் இடுக்கிபோலப் பிடிப்பது கலிப்பர். என் காரின் முன் கலிப்பர் ஒவ்வொன்றிலும் இரண்டு பிஸ்டன்கள். இடப்பக்கத்தில் ஒன்று துருவேறி இறுகிவிட்டது. மிதித்தால் கார் வலப்பக்கம் இழுத்தது. பழையதைக் கழற்றித் திருத்தியிருக்கலாம். ஆனால் வட அமெரிக்காவில் இந்தக் கார் வைத்திருப்பவர்களிடையே நெடுங்காலமாகப் புழங்கும் வேறு வழி ஒன்று உண்டு. 1980களின் ரொயோட்டா நாலுசக்கர இழுவைப் பிக்-அப் வண்டியின் கலிப்பரை எடுத்து மாட்டுவது. அதில் நான்கு பிஸ்டன்கள். ஆயிரம் கிலோவைச் சற்றே தாண்டும் என் காருக்காகச் செய்யப்பட்டதல்ல அது. சுமையோடு மலையிறங்கும் வண்டிக்கென்று செய்யப்பட்டது. ஆனாலும் டட்சனின் அதே இரண்டு போல்ட் துளைகளில் வந்து பொருந்தும். பின்னாலிருக்கும் தூசித்தகட்டைக் கொஞ்சம் வெட்டினால் போதும்.

நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவரும் பழைய கார் வைத்திருப்பவர், ஓர் ஆணியைக்கூட மாற்றச் சம்மதிக்காதவர். "என்ன அண்ணை, டட்சனுக்கு ரொயோட்டாவின்ரை பிறேக்கோ?" என்றார். குரலில் கேலி இருந்தாலும் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "இண்டைக்குப் பிறேக், நாளைக்கு எஞ்சின். பிறகு எதை வைச்சு இதை டட்சன் எண்டுறது?"

அவர் கேட்டது விளையாட்டுக் கேள்வியல்ல. ஒன்ராறியோவின் சட்டமே அதைக் கேட்கிறது. வரலாற்று வாகனம் என்ற இலக்கத்தகடு பெற வேண்டுமானால் வாகனத்துக்கு 30 வயதாகியிருக்க வேண்டும். அதோடு, தயாரித்தவர் செய்த நிலையிலிருந்து பெருமளவு மாறாததாகவும் இருக்க வேண்டும். பெருமளவு என்றால் எவ்வளவு? அந்தச் சொல்லுக்குள் எண் எதுவும் இல்லை. நான் வழமையான தகட்டோடேயே பதிந்துகொண்டேன். கேள்வி மட்டும் கூடவே வந்தது.

எங்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. மொழி, சாப்பாடு, கலியாணம், செத்தவீடு என்று ஒவ்வொன்றிலும் எவ்வளவு மாறினாலும் நாங்கள் நாங்கள்தான் என்று எத்தனையோ வருடங்களாகக் கூட்டம் வைத்துப் பேசிவருகிறோம். அந்தப் பழக்கத்தில் நானும் காரைப் பற்றி அதே வழக்கில் இறங்கினேன். என் பக்கத்துக்குச் சாட்சி தேடினேன்.

சாட்சிகள் நன்றாகவே கிடைத்தன. முதலாவது, இந்தக் காரின் பெயர். 1969இல் ஜப்பானில் அறிமுகமானபோது அதன் பெயர் ஃபெயர்லேடி இசட். அமெரிக்காவில் நிசானை நடத்திய யுதாகா கத்தயாமாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. இங்கே ஒருவரும் இந்தப் பெயரில் விளையாட்டுக் கார் வாங்கமாட்டார்கள் என்று கருதினார். வந்திறங்கிய கார்களில் பெயர்ப்பட்டையைக் கழற்றிவிட்டு 240இசட் என்று போடவைத்தார். 2.4 லீற்றர் எஞ்சின், அதிலிருந்து 240. ஆக, என் நண்பர் காக்க நினைக்கும் அசல் பெயரே கடல் கடந்து வந்த இடத்தில் வைத்த பெயர். குடிவரவு அலுவலகத்தில் நின்று பாதிப் பெயரை விட்டுவிட்டு வந்த எங்களுக்கு இது விளங்காததல்ல.

இரண்டாவது சாட்சி இன்னும் பலமானது. டட்சனின் பழைய கலிப்பரைச் செய்தது டட்சன் அல்ல, சுமிட்டோமோ என்ற ஜப்பானிய நிறுவனம். ரொயோட்டாவின் நாலு பிஸ்டன் கலிப்பரைச் செய்ததும் அதே சுமிட்டோமோதான். போல்ட் துளைகள் பொருந்தியதில் மாயம் ஒன்றுமில்லை. ஒரே பட்டறையில் பிறந்து இரண்டு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட சகோதரிகள். எது சொந்தம், எது அந்நியம் என்று வெளியே ஒட்டிய பெயரைப் பார்த்து நாங்கள் சண்டை பிடிக்கிறோம். உள்ளே இரும்பு உறவாடிக்கொண்டிருக்கிறது.

இதை நண்பரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். நான் வாதத்தில் வென்றுவிட்டேன். இரண்டு பேரும் பிழையான கேள்வியில் நின்று வாதாடினோம் என்பது அப்போது தெரியவில்லை.

எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஐயா யாழ்ப்பாணத்தில் ஓர் ஒஸ்ரின் ஏ-40 வைத்து வாடகைக்கு ஓடியவர். 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமற் போனபின் குடாநாட்டில் எந்த வாகனமும் அசல் நிலையில் ஓடவில்லை. மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் சேமித்துவைத்த பெற்றோலைச் சேலைன் குழாயால் சொட்டுச் சொட்டாகக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். ஒரு இயந்திரத்தின் பாகம் இன்னொன்றுக்குள் போவதைப் பற்றி யாரும் தத்துவம் பேசவில்லை. ஓடினால் சரி.

ஆனால் ஐயாவுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒருமுறை பின்சக்கரச் சிலிண்டர் றப்பர் போய்விட்டது. அளவான றப்பர் எங்கும் இல்லை. வேறு ஏதோ வாகனத்தின் றப்பரைச் செதுக்கிப் போடலாம் என்று தெரிந்த மெக்கானிக் சொன்னார். ஐயா மறுத்துவிட்டார். அந்த வீட்டில் வேறு வருமானம் இல்லாத காலத்தில் கார் மூன்று மாதம் கொட்டிலுக்குள் நின்றது. அம்மா கேட்டதற்கு ஐயா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "எஞ்சினோடை விளையாடினால் நான் றோட்டிலை நிப்பன். பிறேக்கோடை விளையாடினால் மற்றவன் றோட்டிலை கிடப்பான்." அன்றைக்கு அதை ஒரு பிடிவாதக்காரனின் பேச்சென்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கலிப்பர்கள் வந்தன. மாட்டுவது அரை நாள் வேலை. பிறகு குழாய்களுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் உள்ளே இருந்து மிதிக்க, மற்றவர் சக்கரத்தடியில் படுத்து நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மிதியை விட்டபின் நிப்பிள் திறந்திருந்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். ஆகவே ஒவ்வொரு தடவையும் சொல்லிச் செய்ய வேண்டும். பதினேழு வயது மகள் வந்து சாரதி ஆசனத்தில் இருந்தாள்.

"அமத்து."

"அமத்திட்டன்."

"பிடிச்சுக்கொள்... சரி, விடு."

ஒரு மணித்தியாலம் போய்விட்டது. மிதி இன்னும் பஞ்சுபோலவே இருந்தது. களைத்துப்போய் எழும்பியபோது அவள் இறங்கிவந்து பார்த்தாள். "அப்பா, காற்று மேலைதானே போகும்? இந்த நிப்பிள் ஏன் கீழை இருக்கு?" இடது கலிப்பரை வலத்திலும் வலதை இடத்திலும் மாட்டியிருந்தேன். இரண்டும் எந்தப் பக்கமும் பொருந்தும். ஆனால் நிப்பிள் மேலே வந்தால்தான் காற்று வெளியேறும். வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. மாற்றி மாட்டினோம். மிதி கல்லுப்போல நின்றது.

"இப்ப இது சேஃப் தானே? எனக்கு ஓடத் தருவீங்களோ?" என்று கேட்டாள். ஜி2 அனுமதிப்பத்திரம் எடுத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பார்ப்போம் என்றேன்.

அந்தக் கோடையில் காரை முன்பு ஓடாத மாதிரி ஓடினேன். முன்னுக்குப் போட்ட புதிய பாட்களும் நன்றாகக் கடித்தன. மெல்லத் தொட்டாலே கார் மூக்கைக் குத்தி நின்றது. முன்பெல்லாம் சிவப்பு விளக்கை எட்டத்தில் கண்டதும் கால் தானாக எழும்பும். இப்போது கிட்டப் போய் மிதித்தேன். முன்னே போகும் காருக்கும் எனக்கும் இடையிலிருந்த தூரம் எனக்குத் தெரியாமலே குறைந்துவந்தது.

ஒக்டோபர் கடைசியில் ஒரு மாலை. மழை தூறி, வீதியெல்லாம் இலை ஒட்டிக்கிடந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கடவையில் ஒரு தாய் தள்ளுவண்டியோடு இறங்கினார். மணிக்கு 50 கிலோமீற்றர் என்றால் விநாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீற்றர். மிதித்தேன். முன்சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொண்டன. பூட்டிய சக்கரம் உருளாது, வழுக்கும். வழுக்கும் சக்கரத்தைத் திருப்பினாலும் கார் திரும்பாது. சுக்கானை வளைத்தேன், கார் நேரேயே போயிற்று. காலைத் தளர்த்தித் திரும்ப மிதித்தேன். கடவையின் வெள்ளைக் கோட்டைத் தாண்டித்தான் நின்றது. அந்தப் பெண் வண்டியைப் பின்னுக்கு இழுத்துவிட்டிருந்தார். அவருக்கும் என் காருக்கும் இடையில் இரண்டு மூன்று அடி இருக்கும். அவர் திட்டவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து பிள்ளையின் போர்வையைச் சரிசெய்துவிட்டுக் கடந்துபோனார்.

வீட்டுக்கு வந்து பின்சக்கரங்களைக் கழற்றினேன். ஒன்பது வருடத்தில் அந்த ட்ரம்களை ஒழுங்காகத் திறந்து பார்த்தது கிடையாது. ஒரு பக்கத்துச் சிலிண்டர் கசிந்து, பிறேக் கட்டைகள் எண்ணெயில் ஊறியிருந்தன. மற்றப் பக்கம் கட்டைக்கும் ட்ரம்முக்கும் இடைவெளி அதிகம். பின்சக்கரங்கள் ஏறக்குறைய ஒன்றும் செய்யாமல் சும்மா உருண்டுகொண்டிருந்திருக்கின்றன. முன்னுக்கு நாலு பிஸ்டன் பளபளக்க, பின்னுக்கு இந்தக் கோலம்.

இதன் கணக்கு எளிது. காரை நிறுத்துவது கலிப்பர் அல்ல. ரயர் வீதியைப் பிடிக்கும் பிடிதான் நிறுத்துகிறது. நான்கு ரயர்களின் பிடி எவ்வளவோ அதற்குமேல் எந்தப் பிறேக்காலும் நிறுத்த முடியாது. நல்ல பிறேக் என்பது நான்கிடமும் அதனதன் பங்கை வாங்குவது. முன்னே மட்டும் பலத்தைக் கூட்டினால் முன்சக்கரம் முந்திப் பூட்டும், பின்சக்கரத்தின் பிடி பயன்படாமல் கிடக்கும். பெரிய கலிப்பரால் வரும் உண்மையான நன்மை, அடிக்கடி மிதிக்கும்போது ஏறும் வெப்பத்தைத் தாங்குவதுதான். நகர வீதியில் ஒரே ஒரு தடவை சடுதியாக நிற்பதற்கு அது பெரிதாக உதவாது. விவரம் தெரிந்தவர்கள் இந்தக் கலிப்பரோடு 280இசட்எக்ஸ் காரின் பெரிய மாஸ்டர் சிலிண்டரையும் போட்டு, பின்பக்கத்தையும் அதற்கேற்பச் சரிசெய்வது இதனால்தான். இதெல்லாம் நான் வாசித்திருந்தேன். பார்க்க அழகாயிருந்த பகுதியை மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் கணக்கை மட்டும் குற்றஞ்சாட்டித் தப்ப முடியாது. கசிந்த சிலிண்டர் போன வருடமும் கசிந்துதான் இருந்திருக்கும். போன வருடம் ஏன் எதுவும் நடக்கவில்லை? அப்போது எனக்குப் பயம் இருந்தது. கிங்ஸ்ரனில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்த ஜெரால்ட் வைல்ட் என்பவர் 1980களில் ஒரு கருத்தை முன்வைத்தார். மனிதர் தாங்கள் ஏற்கச் சம்மதிக்கும் ஆபத்தின் அளவு ஒன்றை உள்ளே வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பைக் கூட்டினால் அந்த அளவு வரும்வரை துணிச்சலையும் கூட்டிவிடுகிறார்கள். மியூனிக் நகரில் சக்கரம் பூட்டாத பிறேக் பொருத்திய டாக்சிகளையும் பொருத்தாதவற்றையும் ஒப்பிட்டபோது விபத்துகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, புதிய பிறேக் கிடைத்தவர்கள் கூடுதல் முரட்டுத்தனமாக ஓடினார்கள் என்று கண்டார்கள். வைல்டின் கருத்தை மறுப்பவர்களும் உண்டு. எல்லாருக்கும் அது பொருந்துமோ தெரியாது, எனக்குப் பொருந்தியது. நான் நாலு பிஸ்டன் வாங்கி, அதைக் கொடுத்து வேகம் வாங்கியிருந்தேன். கடவையில் இறங்கிய பெண்ணுக்கு அதில் ஒரு சதமும் சேரவில்லை.

அன்றிரவுதான் ஐயாவின் பேச்சு விளங்கியது. காரில் பல பாகங்கள் எனக்காக இருக்கின்றன. எஞ்சின் எனக்காக, ஆசனம் எனக்காக, பெயர்ப்பட்டை என் பெருமைக்காக. அவற்றை மாற்றுவதா விடுவதா என்று நானும் என் நண்பரும் விடியும்வரை வாதாடலாம், யாருக்கும் நட்டமில்லை. பிறேக் அப்படியல்ல. அது காருக்கு முன்னால் நிற்பவருக்காக இருக்கிறது. அந்தத் தாய்க்கு அது டட்சனா ரொயோட்டாவா என்ற கேள்வியே இல்லை. அவர் வரலாற்று வாகனத்தை ரசிக்கச் சம்மதித்து வீதியில் இறங்கவில்லை. என் ஆசைக்கான விலையில் ஒரு பங்கை அவர் பெயரில் எழுதிவைக்க எனக்கு ஏது உரிமை?

அப்படிப் பார்த்தால் என் நண்பர் பக்கமும் பிழைதான். எதையும் மாற்றாதே என்பவர் அசலுக்கு விசுவாசமாக இருக்கிறார். ஆனால் அந்த விசுவாசத்தின் செலவை வீதியில் போகிறவர் கட்டுகிறார். எதையும் மாற்றலாம் என்று நின்ற நானும் அதையேதான் செய்தேன். அவர் மாற்றாததில் பெருமைப்பட்டார், நான் மாற்றியதில் பெருமைப்பட்டேன். இரண்டு பெருமையும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தன, ஒன்றும் வீதியைப் பார்க்கவில்லை.

இந்த வழியில் கடைசிவரை போனால் ஒரு சங்கடமான இடம் வரும் என்று தெரியும். அடுத்தவரின் பாதுகாப்புத்தான் முக்கியம் என்றால், இந்த வயதுபோன காரை ஓடவே கூடாது. இன்றைய சாதாரணக் கார் மழையில் சக்கரம் பூட்டாமல் தானே பார்த்துக்கொள்ளும், சில தானாகவே நின்றும்விடும். எவ்வளவு திருத்தினாலும் என் கார் அப்படி வராது. இதற்கு என்னிடம் முழுமையான மறுமொழி இல்லை. வீதிக்கு வரும் ஒவ்வொருவரும் அடுத்தவர்மேல் ஏதோவொரு ஆபத்தை ஏற்றித்தான் வருகிறோம். முற்றாக ஏற்றாதிருக்க வழி வீட்டிலிருப்பதுதான். அதற்குக் கீழே செய்யக்கூடியது, ஏற்றுவதைக் குறைத்துக்கொள்வதும் மறைக்காதிருப்பதும். மழையில் இப்போது நான் அந்தக் காரை எடுப்பதில்லை. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் எடுப்பதில்லை. இது குற்றத்தைக் கழுவாது. கணக்கைக் கொஞ்சம் நேராக்கும்.

ரொயோட்டாக் கலிப்பரை நான் கழற்றவில்லை. பின்சக்கரச் சிலிண்டர்கள், கட்டைகள் இரண்டையும் புதிதாகப் போட்டேன். மாஸ்டர் சிலிண்டரை மாற்றினேன். ஐம்பது வருடத்து இரும்புக் குழாய்களையும் மாற்றினேன். முன்னுக்குக் கடுமையான பாட்களை எடுத்துவிட்டுச் சாந்தமானவற்றைப் போட்டேன். வெறுமையான ஒரு வாகனத் தரிப்பிடத்தில், ஈரத்தில், எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். மகள் வெளியே நின்று பார்த்துச் சொன்னாள்.

இன்னொன்றும் செய்தேன். ஒரு கொப்பியில் இந்தக் காரில் என்னென்ன மாற்றினேன், எப்போது, ஏன், எதை எங்கிருந்து எடுத்தேன் என்று எழுதத் தொடங்கினேன். நிப்பிளைக் கீழே வைத்து மாட்டியதையும், ஒக்டோபர் மாலையையும் எழுதியிருக்கிறேன். பழைய கலிப்பர்களை எண்ணெய்க் கடதாசியில் சுற்றி அந்தக் கொப்பியோடு ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். நாளைக்கு இந்தக் காரை வாங்குபவரோ மகளோ விரும்பினால் எல்லாவற்றையும் திருப்பி மாட்டிக்கொள்ளட்டும். மாற்றம் பிழை என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. மாற்றியதைச் சொல்லாமல் கையளிப்பது பிழை. ஒன்றை மாற்றினால் அதோடு சேர்ந்து எதுவெல்லாம் மாற வேண்டும் என்று பார்க்காமல் விடுவது அதைவிடப் பெரிய பிழை.

நண்பரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை தன் காரின் பின் ட்ரம்களைத் திறக்க வரச்சொன்னார். போனேன். அசல் பாகங்கள்தான், எல்லாம் அந்தக் காலத்தவை. றப்பரும் அந்தக் காலத்தது.

வசந்தம் வந்ததும் மகள் திரும்பவும் கேட்டாள், ஓடத் தருவீங்களோ என்று. முன்பென்றால் என் மனதில் ஒரே ஒரு சோதனைதான் இருந்திருக்கும்: என் பிள்ளையை நம்பி இதில் ஏற்றலாமா? அதுதான் தகப்பனின் கேள்வி என்று நினைத்திருந்தேன். இப்போது வேறொன்று வந்து முன்னால் நிற்கிறது. யாரோ ஒரு தகப்பன் தன் மகளிடம் இந்தக் காரைக் கொடுத்தனுப்பினால், அதற்கு முன்னால் என் பிள்ளை வீதியைக் கடக்க நான் சம்மதிப்பேனா?

அதை அவளிடமே கேட்டேன். கொஞ்சநேரம் யோசித்தாள். "முதல்ல கொப்பியைத் தாங்கோ அப்பா, வாசிச்சிட்டுச் சொல்லுறன்" என்றாள். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க அவளுக்குக் கனநேரம் எடுக்கும். எடுக்கட்டும். திறப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.